30°-60° கணக்கு சரியாக வருகிறது, 45°-60° தப்பாகிறது. முறை ஒன்றுதானே?

#1 பள்ளத்தூர் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு, காரைக்குடியில் தமிழ்வழியில் படிக்கிறாள். முக்கோணவியல் அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதையே வாக்கியக் கணக்காகக் கொடுத்தால் திணறுகிறாள். ட்யூஷனில் கொடுத்த இரண்டு கணக்கு:

1. குன்றின் விளிம்பில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 30 மீ உயரத்தில் உள்ளது. குன்றின் அடியை நோக்கி நேராக வரும் ஒரு காரை முதலில் 30° இறக்கக்கோணத்திலும், சிறிது நேரம் கழித்து 60° இறக்கக்கோணத்திலும் பார்க்கிறார். இடையில் கார் ஓடிய தூரம் என்ன?

2. அதே கணக்கு. கோணங்கள் மட்டும் 45°, 60°.

முதல் கணக்குக்கு 20√3, அதாவது 34.64 மீ என்று போட்டாள். விடையும் அதுதான். இரண்டாவதற்கு அவள் விடை 21.96. சரியான விடை 12.68 என்கிறார்கள். இரண்டையும் ஒரே மாதிரிதான் போட்டிருக்கிறாள், நானே உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். ட்யூஷனில் "கவனக்குறைவு" என்று சிவப்பு மையில் சுழித்து அனுப்பிவிட்டார்கள். எது கவனக்குறைவு என்று சொன்னால்தானே திருத்த முடியும்? நான் படித்தது காமர்ஸ். எனக்குக் கணக்கென்றால் பற்று வரவுதான்.

#2 பூஜ்யம்

√3 மதிப்பை 1.73 என்று போட்டாளா, 1.732 என்று போட்டாளா? அங்கே கொஞ்சம் வித்தியாசம் வரும்.

அப்புறம் "சோ கா டோவா" மனப்பாடம் ஆகியிருக்கிறதா பாருங்கள். சைன் என்றால் எதிர்ப்பக்கம் கீழ் கர்ணம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள சாய்வுப் பக்கம்), காஸ் என்றால் அடுத்துள்ள பக்கம் கீழ் கர்ணம், டேன் என்றால் எதிர்ப்பக்கம் கீழ் அடுத்துள்ள பக்கம். இது நாக்கில் நின்றால் போதும், எந்தக் கணக்கும் வரும். நான் அப்படித்தான் நூற்றுக்கு நூறு வாங்கினேன்.

#3 பழைய சாக்பீஸ்

// √3 மதிப்பை 1.73 என்று போட்டாளா //

தம்பி, 12.68க்கும் 21.96க்கும் 9 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அது தசமத்தில் தவறிய 9 மீட்டர் இல்லை.

ஆச்சி, விடையை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. பிள்ளை போட்ட படம் எப்படி இருக்கிறது? 30° என்று எந்த மூலையில் எழுதியிருக்கிறாள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

#4 பள்ளத்தூர் அம்மா

நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன் ஐயா. நெட்டாக ஒரு கோடு, அதில் 30 மீ என்று எழுதியிருக்கிறாள். கீழே தரைக்கு ஒரு கோடு. மேல் முனையிலிருந்து காருக்குச் சாய்வாக ஒரு கோடு. நெட்டுக் கோட்டுக்கும் சாய்வுக் கோட்டுக்கும் நடுவில், மேல் மூலையில், 30°. பக்கத்தில் tan என்பதைத் தமிழில் "டேன் 30° = x / 30" என்று எழுதியிருக்கிறாள். அடுத்த படத்தில் அதே இடத்தில் 60°.

#5 பழைய சாக்பீஸ்

நினைத்தேன். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. கோணம் உட்கார்ந்திருக்கிற இடம்தான் தப்பு.

இறக்கக்கோணம் என்பது கண்ணிலிருந்து போகும் கிடைமட்டக் கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையில் இருப்பது. நெட்டுக் கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையில் அல்ல. பிள்ளை போட்ட படத்தில் கிடைமட்டக் கோடே இல்லை. மேல் மூலையில் வேறு கோணமே இல்லாததால், கேள்வியில் வந்த 30°-ஐ இருந்த ஒரே இடத்தில் வைத்துவிட்டாள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பாதிப் பேர் இதைத்தான் செய்வார்கள்.

உங்கள் ஊர் வீடுகளில் முகப்புக்கு மேல் மாடி இருக்குமே, அங்கே பிள்ளையைக் கூட்டிப்போய் நிறுத்துங்கள். முதலில் எதிர்வீட்டு மாடியை, தன் கண் மட்டத்துக்கு நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் கிடைமட்டக் கோடு. அப்படியே கீழே தெருவில் நிற்கும் வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். தலை எவ்வளவு இறங்கியதோ அதுதான் இறக்கக்கோணம். தன் காலடிச் சுவரிலிருந்து யாரும் கோணம் எண்ணத் தொடங்குவதில்லை.

இனி படம் போடும்போது முதல் கோடே அந்தக் கிடைமட்டக் கோடாக இருக்கட்டும். புள்ளிக்கோடாகப் போட்டாலும் சரி. பிறகு, அந்தக் கோடும் தரையும் இணைகோடுகள், ஒன்றுவிட்ட உட்கோணம் சமம் என்பதால், மேலே உள்ள 30° கீழே கார் நிற்கும் இடத்துக்கு இறங்கி வந்துவிடும். அங்கே வைத்துக் கணக்குப் போட வேண்டும்: டேன் 30° = 30 / x. எனவே x = 30√3 = 51.96. அடுத்து டேன் 60° = 30 / y. எனவே y = 30/√3 = 17.32. கழித்தால் 34.64.

இரண்டாவது கணக்கு: டேன் 45° = 1 என்பதால் முதல் தூரம் 30. இரண்டாவது தூரம் அதே 17.32. கழித்தால் 12.68.

#6 பூஜ்யம்

சரி ஐயா. ஆனால் படம் தப்பென்றால் முதல் கணக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அதுதானே அவர் கேட்டதே.

#7 கடைசி பெஞ்ச்

அதை நான் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த விஷயம்.

அவள் படத்தில் முதல் தூரம் 30 × டேன் 30° = 17.32. இரண்டாவது 30 × டேன் 60° = 51.96. சரியான படத்தில் இதே இரண்டு எண்கள்தான், வரிசை மட்டும் மாறி வருகின்றன. 30-ம் 60-ம் கூட்டினால் 90 என்பதால் ஒன்றின் டேன் மற்றதன் காட் (அதாவது 1/டேன்). பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் இரண்டு படத்திலும் 34.64தான்.

பொதுவாக எழுதிப் பார்த்தேன். தப்பான படமும் சரியான படமும் ஒரே விடை தர வேண்டுமானால் இரண்டு கோணமும் சேர்ந்து 90° ஆக வேண்டும். வேறு எந்த ஜோடிக்கும் ஒத்துவராது. 45-60 கொடுத்ததும் குட்டு உடைந்துவிட்டது. 30-45 கொடுத்திருந்தாலும் உடைந்திருக்கும்.

இன்னொன்று. அவள் படத்தின்படி கார் முதலில் 17 மீட்டரில் நிற்கிறது, பிறகு 52 மீட்டரில் நிற்கிறது. அதாவது கார் குன்றை விட்டு விலகிப் போகிறது! கேள்வியோ "நோக்கி வரும்" என்கிறது. பெரியது கழித்தல் சிறியது என்று கை தானாக எழுதும்போது இது கண்ணில் படாது. கழிப்பதற்கு முன்னால் இரண்டு தூரத்தையும் படத்தில் எழுதி, கிட்டே வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி எடுப்பவர்களுக்கு 30-60 மேல் அப்படி என்ன காதலோ. விடை அழகாக வரும் என்பதற்காகத் தப்பு படத்துக்கும் முழு மதிப்பெண் போகிறது.

#8 பள்ளத்தூர் அம்மா

அப்பாடா! அவளிடம் காட்டினேன். இரண்டு நிமிடம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப முதல் கணக்குக்குப் போட்ட டிக்கும் தப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் கோபம் வந்துவிட்டது.

ஆனால் ஒரு சந்தேகம் கேட்கிறாள். ஏணிக் கணக்கில் "சுவருடன் 30° கோணம்" என்று வருகிறதே, அங்கே நெட்டுக் கோட்டோடுதானே கோணம்?

#9 பழைய சாக்பீஸ்

பிள்ளைக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஆமாம், ஏணிக் கணக்கில் கேள்வியே சொல்லிவிடும்: "தரையுடன்" என்றால் கீழ் மூலை, "சுவருடன்" என்றால் மேல் மூலை. ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் என்ற சொற்கள் வந்தால் மட்டும் கிடைமட்டம் என்பது சொல்லாமலே அடங்கியிருக்கிறது. சூரியனின் ஏற்றக்கோணம் என்று நிழல் கணக்கு வந்தாலும் அப்படியே. நிழலின் நுனியில் தரையோடு சேரும் கோணம்.

ஏணிக்கு இன்னொன்று கவனிக்கச் சொல்லுங்கள். ஏணியின் நீளம் கர்ணம். எனவே அங்கே டேன் எடுத்தால் வேலைக்கு ஆகாது. நீளம் கொடுத்து உயரம் கேட்டால், கோணம் தரையோடு இருக்கும்போது சைன், சுவரோடு இருக்கும்போது காஸ். கொடுத்தது எந்தப் பக்கம், கேட்டது எந்தப் பக்கம் என்று இரண்டுக்கும் மேல் பென்சிலால் பெயர் எழுதினால், எந்த விகிதம் என்று அதுவே சொல்லும். சோ கா டோவா எல்லாம் அதற்கப்புறம்.

#10 பூஜ்யம்

// சோ கா டோவா எல்லாம் அதற்கப்புறம் //

ஐயா என்னை ஒரு வழி ஆக்காமல் விடமாட்டார் போல :) மனப்பாடம் தப்பில்லை என்றுதான் இன்னும் சொல்வேன். பரீட்சை ஹாலில் மாடி முகப்பு எங்கே இருக்கிறது?

#11 கைமரம்

வாக்குவாதத்தில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளுக்கு ஓட்டு வேலை எடுத்துச் செய்கிறவன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது, டேன் என்ற பெயரே இந்த இழையில்தான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த வேலையை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

கூரைக்கு நாங்கள் கோணம் சொல்வதில்லை, வாட்டம் சொல்வோம். "அடிக்கு ஏழு இஞ்ச்" என்றால், ஓர் அடி உள்ளே போனால் ஏழு இஞ்ச் ஏறும். மகனிடம் கேட்டேன், அது எத்தனை டிகிரி என்று. 7-ஐ 12-ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு 30 டிகிரி என்றான். டேன் 30° 0.577, நம்ம வாட்டம் 0.583. கைவேலைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அடிக்கு பன்னிரண்டு இஞ்ச் என்றால் 45°.

16 அடி அகலக் கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு உத்திரத்திலிருந்து சுவர் வரை 8 அடி. 30° வாட்டத்தில் உத்திரம் 4 அடி 7½ இஞ்ச் மேலே நிற்கும். கைமரம், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம், எவ்வளவு நீளம்? 8-ஐ காஸ் 30°-ஆல் வகுக்க வேண்டுமாம், 9 அடி 3 இஞ்ச் வருகிறது. இறவாணத்துக்கு வெளியே நீட்டுவதை அதற்கு மேல் சேர்த்துக்கொள்வோம். இவ்வளவு நாளும் நூல் பிடித்து அளந்த நீளம் இதுதான்.

தேக்கு என்ன விலை விற்கிறது தெரியுமா? படத்தில் கோணம் மாறி உட்கார்ந்தால் உங்களுக்கு ஐந்து மதிப்பெண், எங்களுக்கு ஒரு கைமரம்.

#12 கடல்தாண்டி

அருமை அண்ணே. பினாங்கிலிருந்து படிக்கிறேன், பூர்வீகம் தேவகோட்டை. இதற்கெல்லாம் சைன், காஸ் தேவையே இல்லை என்று நம் முன்னோர் பாட்டிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். நீளத்தை எட்டுப் பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம். வர்க்கமூலம்கூட வேண்டாம். வாட்ஸப்பில் வந்திருக்குமே. நாம் இதை மறந்துவிட்டு வெள்ளைக்காரன் கணக்கைப் படிக்கிறோம்.

#13 கடைசி பெஞ்ச்

அந்தச் சூத்திரம் நல்ல சூத்திரம்தான், சோதித்துப் பார்க்கலாம்.

நீளம் 4, உயரம் 3: 4 − ½ + 1½ = 5. அச்சாகச் சரி.
நீளம் 12, உயரம் 5: 12 − 1½ + 2½ = 13. இதுவும் அச்சாகச் சரி.
நீளம் 8, உயரம் 8: 8 − 1 + 4 = 11. உண்மையில் 8√2 = 11.31.

மூன்றாவதில் 0.31 அடி, அதாவது முக்கால் சாண் இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட நாலு இஞ்ச் குறைகிறது. கைமரம் அண்ணன் சொன்ன 30° வாட்டத்துக்கு 8 − 1 + 2.31 = 9.31. உண்மை 9.24. ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுகிறது.

அது தோராயம். உயரம் நீளத்தில் ஏறக்குறைய பாதி முதல் முக்கால் வரை இருந்தால் கிட்டத்தில் வரும். வெள்ளைக்காரன் கணக்கு என்பதும் சரியில்லை. ஆரியபட்டர் கி.பி. 499-லேயே சைன் அட்டவணைக்கான வித்தியாசங்களைச் சூத்திரமாக எழுதிவிட்டார்.

#14 கைமரம்

நீளமாக வந்தால் அறுத்துக்கொள்ளலாம். நாலு இஞ்ச் குட்டையாக வந்தால் ஒட்டவா முடியும்? 30° வாட்டத்துக்குப் பாட்டு ஓகே, 45-க்கு வேண்டாம்.

#15 பழைய சாக்பீஸ்

இன்னொன்றும் உண்டு. அந்தச் சூத்திரத்துக்கு நீளமும் உயரமும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். ஏற்றக்கோணக் கணக்கில் ஒரு பக்கமும் ஒரு கோணமும்தான் கொடுப்பார்கள். கோணத்தை அந்தப் பாட்டு எங்கே வாங்கிக்கொள்ளும்? இரண்டும் வேறு வேறு வேலை.

#16 சங்கிலி ஆள்

நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டத்தோடு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

பிள்ளைகள் என்னிடம் கேட்பது, "ரெண்டு கோணம் கொடுத்து ஏன் சார் சாவடிக்கிறாங்க, ஒண்ணு போதாதா?" என்று. குன்றக்குடிக்குப் போயிருப்பீர்கள். மேலே இருக்கிற கோபுரக் கலசத்தின் உயரம் வேண்டும். கலசத்துக்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளி எது? அது பாறைக்குள் இருக்கிறது. நாடா பிடித்துக்கொண்டு அங்கே போக முடியாது. அடுத்துள்ள பக்கத்தை அளக்க வழியில்லாததால்தான் இரண்டு இடத்தில் நின்று பார்க்கிறோம். இரண்டு இடத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை மட்டும் அளந்தால் போதும். உங்கள் மகள் போட்ட கார் கணக்கைத் தலைகீழாகத் திருப்பினால் இதுதான்.

இதே அளவைதான் இந்தியா முழுக்க நடந்தது. 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓர் அடிக்கோட்டை, அதாவது முதல் முக்கோணத்தின் ஒரு பக்கத்தை, சங்கிலி போட்டு அளந்தார். அதற்கப்புறம் பெரும்பாலும் கோணங்கள்தான், முக்கோணத்தின் மேல் முக்கோணமாகப் போனது. மலையில்லாத தஞ்சைச் சீமையில் கோயில் கோபுரங்களே மேடை. 1808-ல் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணமளக்கும் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்ப்டன் அதைத் தானே உட்கார்ந்து தட்டிச் சரிசெய்து மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார்.

பிள்ளைக்கு ஒரு வேலை. பாகைமானியின் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டச் சொல்லுங்கள். நடுப்புள்ளியில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு நட்டு. ஸ்ட்ரா வழியாகக் கோபுர உச்சியைப் பார்க்கும்போது, நூல் எந்த எண்ணில் தொங்குகிறது என்று இன்னொருவர் படிக்க வேண்டும். ஆனால் ஜாக்கிரதை: நூல் 60-ல் தொங்கினால் ஏற்றக்கோணம் 30°. நூல் நெட்டுக் கோடு, நமக்கு வேண்டியது கிடைமட்டத்திலிருந்து. உங்கள் மகள் நோட்டில் விழுந்த அதே குழி இங்கேயும் இருக்கிறது. 90-லிருந்து கழிக்க வேண்டும்.

அளக்கிற இடத்தைக் கோணம் 45°க்குப் பக்கத்தில் வருகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். 20 மீ தொலைவில் 45° என்றால், ஒரு டிகிரி தவறிப் படித்தால் உயரத்தில் 70 செ.மீ. மாறும். அதே 20 மீட்டரில் 60° என்றால் சுமார் 1.4 மீட்டர் மாறும். ரொம்பக் கிட்டே போய்க் கழுத்தை வளைத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

#17 பூஜ்யம்

கண்ணின் உயரத்தைச் சேர்க்கணுமே, அதை யாரும் சொல்லவில்லை. பாடப்புத்தகக் கணக்கில் தரையில் உள்ள புள்ளி என்று போட்டுத் தப்பித்துவிடுவார்கள். நிஜத்தில் ஆள் படுத்துக்கொண்டா பார்ப்பார்?

#18 சங்கிலி ஆள்

நல்லாச் சொன்னீங்க தம்பி. கணக்கில் வருகிற உயரம் கண் மட்டத்துக்கு மேலே உள்ளது மட்டும். கண்ணின் உயரத்தைக் கடைசியில் கூட்ட வேண்டும்.

ஆச்சி, பிள்ளைக்கு இதைக் கொடுங்கள்: கண் உயரம் 1.5 மீ. ஓரிடத்தில் நின்றால் உச்சி 30°. மட்டமான தரையில் 20 மீ முன்னால் போனால் 45°. உயரம் என்ன? குன்றக்குடி உயரம் இது என்று யாரும் நினைக்க வேண்டாம், கணக்குக்காகப் போட்ட எண்.

#19 பள்ளத்தூர் அம்மா

போட்டுவிட்டாள். அவள் எழுதியபடியே தட்டச்சு செய்கிறேன்:

"கண் மட்டத்தில் கிடைமட்டக் கோடு போட்டேன். கண் மட்டத்துக்கு மேல் உயரம் h. இரண்டாவது இடத்தில் டேன் 45° = 1, அதனால் அங்கிருந்து தூரமும் h. முதல் இடத்திலிருந்து தூரம் h + 20. டேன் 30° = h / (h + 20). √3 h = h + 20. h (1.732 − 1) = 20. h = 20 / 0.732 = 27.32. கண் உயரம் சேர்த்து 28.82 மீ."

முதல் இடத்துத் தூரம் 47.32 என்றும் ஓரமாக எழுதி, "முன்னாடி வந்தா குறையுது, சரி" என்று போட்டிருக்கிறாள். கடைசி பெஞ்ச் தம்பிக்கு நன்றி.

அவளுக்கு ஒரு கேள்வி: "மட்டமான தரையில்" என்று சார் ஏன் தனியாகச் சொன்னார், தரை சரிவாக இருந்தால் என்ன ஆகும்?

#20 கடைசி பெஞ்ச்

28.82 சரி. தூரம் குறைகிறதா என்று எழுதியே சரிபார்த்திருக்கிறாள் பாருங்கள், அதற்கே தனி மதிப்பெண் கொடுக்கலாம்.

#21 சங்கிலி ஆள்

தரை சரிந்தால் இரண்டு சிக்கல். முதலாவது, இரண்டு இடத்திலும் கண் ஒரே மட்டத்தில் இருக்காது. அப்போது இரண்டு முக்கோணத்துக்கும் உயரம் ஒன்றில்லை, ஒரே h போட முடியாது. எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்துப் பார்த்து, அந்த வித்தியாசத்தைச் சேர்த்துப் போட வேண்டும்.

இரண்டாவது, நாடாவைத் தரையோடு ஒட்டிப் பிடித்தால் கிடைப்பது சாய்வு நீளம், அதாவது கர்ணம். நமக்கு வேண்டியது கிடையான நீளம். அதற்கு மேட்டுப் பக்கம் ஒருவர் நாடாவைத் தரையில் வைக்க, பள்ளத்துப் பக்கம் நிற்பவர் அதை மட்டமாக இழுத்துப் பிடித்து, நாடா முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் புள்ளியைத் தரைக்கு இறக்க வேண்டும். சரிவு அதிகமென்றால் ஒரே இழுப்பில் போகாமல், ஐந்தைந்து மீட்டராகப் படிபோல் இறங்கி அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் சாய்வுக் கோணத்தை அந்த ஸ்ட்ரா கருவியாலேயே எடுத்து, நீளத்தை அந்தக் கோணத்தின் காஸால் பெருக்கினாலும் போதும். 20 மீட்டருக்கு 10° சரிவு என்றால் 19.70 வரும்.